ஹை டீயா, பை டூவா?

போன சனிக்கிழமை நண்பர்கள் நாலு பேர் பெங்களூர் நட்சத்திர ஹோட்டல் ஒன்றுக்கு 'ஹை டீ' குடிக்கப் போயிருந்தோம். மூன்றடுக்குத் தட்டில் கேக், விரலளவு சாண்ட்விச். உண்மையில் இங்கிலாந்தில் ஹை டீ என்பது தொழிலாளி வேலை முடிந்து வந்து வயிறாரச் சாப்பிட்டது; சீமாட்டிகள் குடித்தது ஆஃப்டர்நூன் டீ. நம்மூரில் பெயரை மாற்றி ஒட்டிவிட்டார்கள். சரி, அது கிடக்கட்டும்.

எங்களில் ஒருவனுக்கு ரெண்டு மாசமாய் வேலை இல்லை. "இப்பத்தான்டா சாப்பிட்டேன்" என்று டீயோடு நிறுத்திக்கொண்டான். பில்லை நாலாய்ப் பிரித்தபோது அவனும் கார்டை நீட்டினான். தடுத்தால் அவனுக்கு அவமானம், விட்டால் எங்களுக்குப் பாவம்.

இதே ஊரில்தான் 1980களில் தர்ஷினிகள் வந்தன. நின்றபடியே 'பை டூ' காபி கேட்கலாம். ஒரு காபியை ரெண்டாக்கித் தருவார்கள். காரில் வந்தவனும் கேட்பான், பஸ்ஸில் வந்தவனும் கேட்பான். யாரும் ஏன் என்று பார்க்க மாட்டார்கள். ஊரை விட்டு வந்த நமக்கு, கஷ்டத்தைச் சொல்ல மாமா, சித்தப்பா யாரும் பக்கத்தில் இல்லை. இருப்பது இந்த நாலு பேர்தான். சந்திப்பதற்கே இவ்வளவு செலவு என்றால், ஒருநாள் அவன் ஏதாவது சாக்கு சொல்லி வராமலே போய்விடுவான். (ஹை டீயே வேண்டாம் என்று சொல்லவில்லை. கல்யாண நாளுக்கு வீட்டுக்காரியோடு போங்கள்!)

வரும் சனிக்கிழமை ஜெயநகரில் ஒரு தர்ஷினி என்று குரூப்பில் போட்டிருக்கிறேன். அவன்தான் முதலில் 'வரேன்' என்று போட்டான்.