அட்டவணையில் அகப்படாத வாக்கியம்

‘தோ’ வந்தால் காம்ப்ளக்ஸ், ‘பட்’ வந்தால் காம்பவுண்ட், ‘இன் ஸ்பைட் ஆஃப்’ வந்தால் சிம்பிள். பத்தாம் வகுப்புப் பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். நோட்ஸில் கட்டம் போட்டு அச்சிட்டிருக்கிறார்கள்; டியூஷனில் ராகம் போட்டே ஒப்பிக்க வைக்கிறார்கள். இணைப்புச் சொல்லைப் பிடித்துவிட்டால் ஆங்கில வாக்கியமே பிடிபட்டுவிடும் என்று நம்புகிறோம். மதிப்பெண் வருகிறது, மறுக்கவில்லை. வாக்கியம்தான் வருவதில்லை.

‘ஆஃப்டர் ஹி கேம்’ என்பது கிளாஸ் (clause). ‘ஆஃப்டர் ஹிஸ் அரைவல்’ வெறும் சொற்றொடர். இரண்டிலும் அதே ‘ஆஃப்டர்’. ‘த புக் ஐ பாட் இஸ் லாஸ்ட்’ என்பதில் இணைப்புச் சொல்லே கிடையாது. ஆனாலும் உள்ளே ஒரு துணை வாக்கியம் உட்கார்ந்திருக்கிறது. அட்டவணை இதற்கு என்ன சொல்லும்?

‘வேர்’ என்ற ஒற்றைச் சொல்லைப் பாருங்கள். ‘ஐ நோ வேர் ஹி லிவ்ஸ்’, ‘த ஹவுஸ் வேர் ஹி லிவ்ஸ்’, ‘ஸ்டே வேர் யூ ஆர்’. முதலாவது பெயர்ச்சொல்லின் வேலையைச் செய்கிறது, அடுத்தது பெயரடை, கடைசி வினையடை. சொல் மாறவில்லை, வேலை மாறுகிறது. தமிழில் சொல்லிப் பார்த்தால் வேற்றுமை தானே வெளியே வரும்: எங்கே வசிக்கிறான் என்று தெரியும், அவன் வசிக்கிற வீடு, இருக்கிற இடத்திலேயே இரு.

பழியை ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தின் மேல் போட முடியாது. கிளாஸ் என்றால் அதற்கென்று எழுவாயும் பயனிலையும் வேண்டும் என்று அந்தப் புத்தகம் தெளிவாகவே சொல்கிறது. நாம்தான் விளக்கத்தைத் தாண்டிப் பயிற்சிக்கு ஓடினோம். சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளக்ஸ் என்ற பிரிவும் கல்வெட்டு அல்ல. ‘ஓபனிங் த டோர், ஹி கேம் இன்’ பள்ளிக் கணக்கில் சிம்பிள். 1985-இல் ராண்டல்ஃப் குவர்க்கும் மற்ற மூவரும் எழுதிய பெரிய இலக்கண நூலோ ‘ஓபனிங் த டோர்’ என்பதையும் கிளாஸ் என்றே எண்ணுகிறது, முற்றுப்பெறாத கிளாஸ் என்று.

முற்றுப்பெறாதது! கதவைத் ‘திறந்து’ உள்ளே வந்தான் என்னும்போது நாம் வினையெச்சம் என்கிறோமே, ஏறக்குறைய அதுதான்.

தேட வேண்டியது இணைப்புச் சொல்லை அல்ல, வினையை. அது முற்றா எச்சமா என்பதை. இரு மொழிகளும் பிரியும் இடமும் அங்கேதான். ‘நேற்று வந்த பையன் என் தம்பி’ என்பதில் ‘வந்த’ எச்சம். தனி எழுவாய் கேட்காது. ஆங்கிலம் அதே இடத்தில் ‘ஹூ கேம்’ என்று எழுவாயோடு ஒரு முற்றுவினையை நிறுத்துகிறது. அதை அறியாத பிள்ளை ‘த பாய் கேம் யெஸ்டர்டே இஸ் மை பிரதர்’ என்று எழுதுகிறது. சிவப்பு மையில் ஒரு சுழி விழும். காரணம் விழாது. ‘தமிழில் யோசிக்காதே’ என்ற உபதேசம் மட்டும் கூடுதலாகக் கிடைக்கும்.

முந்தின பீரியடில்தான் தமிழ் ஐயா ‘வந்த’ பெயரெச்சம், ‘வந்து’ வினையெச்சம், ‘வந்தான்’ வினைமுற்று என்று எழுதிப் போட்டுவிட்டுப் போயிருப்பார். அதை அழித்துவிட்டு, அதே பலகையில் அட்டவணையை வரைகிறோம்.