வேடம் பெரிதா? ஏந்திய கை பெரிதா?

விழாக்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். பார்ப்பதற்கென்று நடைபெறும் விழா ஒன்று. பங்கு கொள்வதற்கென்று நடைபெறும் விழா மற்றொன்று. மைசூர்த் தசரா முதல் வகையைச் சேர்ந்தது. 1610-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ராஜ உடையார் தொடங்கி வைத்த அவ்விழாவில், 750 கிலோ எடையுள்ள பொன் அம்பாரியை யானை சுமந்து செல்ல, மக்கள் இருமருங்கிலும் நின்று கண்டு களிக்கின்றனர். நம் நெல்லைச் சீமையில், திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்தில் அமைந்த குலசேகரன்பட்டினத்துத் தசராவோ இரண்டாம் வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே அம்பாரியும் இல்லை, அரசரும் இல்லை. மக்களே ஊர்வலம், மக்களே வேடிக்கை.

குலசை முத்தாரம்மன் கோயிலில் நவராத்திரியை ஒட்டிப் பத்து நாள் நடைபெறும் இவ்விழாவில் இலட்சக்கணக்கானோர் கூடுகின்றனர். காளி, அனுமன், எமன், அரசன், அரசி, குறவன், குறத்தி, கரடி, குரங்கு, காவலர், பிச்சைக்காரர் என்று அவர்கள் புனையாத வேடம் இல்லை. செய்தித்தாள்கள் இந்த வேடங்களின் படங்களைப் பக்கம் பக்கமாக வெளியிடுகின்றன. வெளியூரார் இதனைப் ‘பெரிய மாறுவேடப் போட்டி’ என்றே எண்ணிவிடுகின்றனர். என் கருத்து வேறு. வேடம் இவ்விழாவின் உடை. தருமம் கேட்டு ஏந்தும் கையே இதன் உயிர். அந்தக் கை மடங்கிவிட்டால் எஞ்சுவது வெறும் துணியும் சாயமுமே. புன்னக்காயலுக்குச் சென்ற ஒரு பயணத்தில்தான் எனக்கு இந்த எண்ணம் உண்டாயிற்று.

நான் பாபநாசத்துப் பக்கத்தைச் சேர்ந்தவன். தாமிரபரணி பொதிகையிலிருந்து இறங்கி வருவதைச் சிறு வயது முதலே பார்த்தவன். சுமார் 128 கிலோமீட்டர் ஓடி அது கடலில் கலக்கும் இடத்தையும் ஒருமுறை கண்டுவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆவல். அந்த இடம் புன்னக்காயல். அவ்வூரைச் சேர்ந்த வகுப்புத் தோழன் சரசுவதி பூசை விடுமுறைக்கு என்னை அழைத்தான். பூசைக்கு முந்தைய நாள் ஆத்தூரில் இறங்கிப் புன்னக்காயல் பேருந்துக்காகக் காத்து நின்றேன். ஆத்தூர் வெற்றிலைக்குப் பெயர்போன ஊர். 2023-ஆம் ஆண்டு அவ்வெற்றிலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அப்போது மேளச் சத்தத்தோடு ஒரு தசரா செட் கடைவீதிக்குள் நுழைந்தது. முன்னால் காளி. தலையில் முடி, நெற்றிப்பட்டை, வீரப்பல், முதுகுக்குப் பின்னே விரிந்த மரக்கைகள். அதற்குப் பின் அனுமன். அவர் வால் தரையில் படாமல் ஒரு சிறுவன் தூக்கி வந்தான். மீசை வைத்த மணப்பெண் ஒருவர். எல்லாருக்கும் பின்னால், கிழிந்த சட்டையும் கரி பூசிய முகமுமாய், கையில் நெளிந்த அலுமினியத் தட்டுடன் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கடை கடையாக ஏறி இறங்கினார். “அந்த அண்ணாச்சிக்கு ரெண்டு பலசரக்குக் கடை இருக்கு” என்றார் தேநீர்க் கடைக்காரர். என்னால் நம்ப முடியவில்லை. அவர் தேநீர் அருந்த வந்தபோது பேச்சுக் கொடுத்தேன்.

“வேண்டுதலா அண்ணாச்சி?”

“ஆமா தம்பி. மகளுக்குச் சொகமில்லாம ஆசுபத்திரியில கெடந்தா. எந்திரிச்சி வந்துட்டான்னா தர்மம் எடுத்து வாரேன்னு அம்மன்ட்ட நேந்துக்கிட்டேன். இது மூணாவது வருசம்.”

“உங்களுக்குத்தான் வசதி இருக்கே. அந்தப் பணத்தை நேரா உண்டியல்ல போட்டுரக் கூடாதா?”

அவர் சிரித்தார். “அது போடுதது. இது கேக்கது. போட்டுப் பழகுன கை தம்பி இது. கேட்டுப் பழகல. மொத வருசம் ஒரு கடையில ‘போ போ, அங்கிட்டுப் போ’ன்னு வெரட்டுனான். என் கடைக்கு வாரவங்களை நானும் அப்படித்தானே வெரட்டியிருப்பேன்னு அப்பந்தான் ஒறைச்சது.”

இந்த எளிய விடையில் ஒரு விழாவின் தத்துவமே அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றியது. குலசைத் தசராவின் முறை என்ன? பக்தர்கள் பல நாள் விரதமிருந்து, கொடியேற்றத்துக்குப் பின் கையில் காப்புக் கட்டி, வேடம் புனைந்து, ஊர் ஊராய்த் தருமம் எடுத்து, அதனைப் பத்தாம் நாள் கோயில் உண்டியலில் சேர்க்க வேண்டும். காளி வேடம் பூணுவோர்க்கு விரதம் மிகக் கடுமையானது. ஆனால் காளியாயினும் குரங்காயினும் கை ஏந்தியே ஆக வேண்டும். ஏழைக்கு அது பழகிய அவமானமாய் இருக்கலாம். செல்வனுக்கோ அது புதிய பாடம். ஆண்டில் ஒரு வாரமேனும் கொடுப்பவன் கேட்பவனாக நிற்கும் ஏற்பாடு இது.

இத்தகைய ஏற்பாடு பிற நாடுகளிலும் உண்டு. பண்டைய உரோமாபுரியின் சாட்டர்னேலியா விழாவில் எசமானர்கள் அடிமைகளுக்கு விருந்தில் சலுகை தந்து உடனிருந்தனர். வெனிசு நகரத்துத் திருவிழாவில் முகமூடி அணிந்ததும் பிரபு யார், பாமரன் யார் என்பது மறைந்தது. 1797-இல் அந்தக் குடியரசு வீழ்ந்தபின் அவ்விழா நலிவுற்று, 1979-இல்தான் மீண்டும் உயிர் பெற்றது. அவ்விழாக்களில் உயர்வு தாழ்வு மறைந்தது உண்மை. ஆயினும் உயர்ந்தவன் தாழ்ந்து நின்று கேட்க வேண்டும் என்ற விதி அங்கே இல்லை. குலசையில் அந்த விதி உண்டு.

பேருந்து வந்தது, புன்னக்காயல் சேர்ந்தேன். ஆறு அகன்று, நிறம் மங்கி, ஓசையின்றிக் கடலுக்குள் போகும் காட்சியைக் கண்டேன். மலையில் அத்தனை ஆரவாரம் செய்த ஆறு இங்கே அடக்கமாகிவிட்டது! இந்த மீனவர் ஊர் தமிழ் அச்சு வரலாற்றில் தனியிடம் பெற்றது. ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்க’த்தை அச்சிட்டார், 1586-இல் இதே புன்னக்காயலில் ‘அடியார் வரலாறு’ என்னும் பெரு நூலை அச்சேற்றினார். கிறித்தவப் புனிதர்களின் வாழ்க்கைகளைத் தமிழில் கூறும் நூல் அது. செல்வத்தைத் துறந்து வறுமையை விரும்பி மேற்கொண்டோர் கதைகள் கிறித்தவ மரபில் ஏராளம். அசிசி நகரத்துப் பிரான்சிசு அவர்களுள் தலையாயவர். புத்தரும் ஓடேந்தினார். நம் கோயில் சிற்பங்களில் சிவபெருமானே பிட்சாடனராக நிற்கின்றார். ஏந்திய கையைப் போற்றாத சமயம் இல்லை என்பதைக் குலசைக்குச் சில கல் தொலைவில் உள்ள அந்தக் கடற்கரை எனக்கு நினைவூட்டிற்று.

விசயதசமியன்று மாலை நானும் தோழனும் காயல்பட்டினம், திருச்செந்தூர் வழியாகக் குலசைக்குச் சென்றோம். கோயிலிலிருந்து கடற்கரைவரை மனிதத் தலைகளே தெரிந்தன. நள்ளிரவில் அம்மன் கடற்கரைக்கு எழுந்தருள, சிங்கத்தலை, எருமைத்தலை என்று மாறி மாறி வரும் மகிஷாசுரனின் சம்காரம் நடந்தது. நூற்றுக்கணக்கான காளிகள் ஒரே நேரத்தில் ஆர்ப்பரித்த அந்தக் கணத்தில் மெய் சிலிர்த்தது. மணலில் வரிசையாக அமர்ந்து கை நீட்டியோருள் வேடம் புனைந்தவர் யார், வறுமையால் வந்தவர் யார் என்று எங்களால் பிரித்தறிய முடியவில்லை. ஆகவே எல்லாருக்கும் கொடுத்தோம். இதுவும் அவ்விழாவின் நன்மைகளுள் ஒன்று என்பேன்.

ஆனால் அதே இரவில் வேறொரு காட்சியையும் கண்டேன். விளக்குகள் கண்ணைப் பறிக்கும் லாரி ஒன்றில் ஆளுயர ஒலிபெருக்கிகள். நன்கொடையாளர் படங்கள் நிறைந்த பதாகை. திரைப்படப் பாட்டுக்குக் கூலிக்கு ஆடும் ஆட்டக்காரர்கள். வேடம் குறைவின்றி இருந்தது. விலையுயர்ந்த வேடமுங்கூட! ஆனால் ஒருவர் கையிலும் தட்டு இல்லை. கேட்டபோது, “ரசீது புத்தகம் அடிச்சு முன்னாலேயே வசூல் முடிச்சாச்சு” என்று பெருமையுடன் கூறினர். இத்தகைய செட்டுகளின் ஆபாச ஆட்டம் வழக்காகி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைவரை சென்றது. நீதிமன்றமே தடை சொல்ல நேர்ந்தது. சாதி அடையாளம் காட்டும் கொடியும் ரிப்பனும் கூடாதென்று அண்மை ஆண்டுகளில் காவல்துறை அறிவிப்புச் செய்து வருகின்றது. முகத்தை மறைக்கும் விழாவில் சாதியை மட்டும் வெளியே காட்டுவானேன்? கைகூப்பித் தருமம் கேட்டு நாலு தெரு நடந்தவனுக்கு இந்த எண்ணம் வருமா?

என் கருத்துக்கு மறுப்புகள் எழலாம். பிச்சையெடுப்பதைப் பெருமைப்படுத்தலாமா என்று சிலர் கேட்பர். 1945-இலேயே சென்னை மாகாணத்தில் பிச்சையெடுத்தலைத் தடுக்கச் சட்டம் இயற்றப்பட்டது உண்மைதான். ஆனால் வறுமையால் கை நீட்டுவதைக் குற்றமாக்குவது தகாது என்று தில்லி உயர்நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்ததும் உண்மை. வறுமை ஒழிய வேண்டும் என்பதில் இரு கருத்தில்லை. அது ஒழியும்வரை, கேட்பவன் நிலையை ஒருநாளேனும் நின்று பார்த்தவனே அதனை ஒழிக்க முன்வருவான் என்று நம்புகிறேன்.

குறத்தியாகவும் பிச்சைக்காரராகவும் வேடமிடுவது எளியோரைக் கேலி செய்வதாகாதா என்று மற்றொரு கேள்வி. இது நியாயமான கேள்வி. லாரி மேல் ஆடும் குறத்தி வேடம் கேலிதான். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஆத்தூர் அண்ணாச்சியைப் போல வாசல் வாசலாய் நின்று, விரட்டுதலையும் வாங்கிக்கொண்டு, அதனால் தம் கடை வாசலையே வேறு கண்ணால் பார்க்கக் கற்றவரின் வேடம் கேலியாகாது. கேலிக்கும் விரதத்துக்கும் நடுவே உள்ள கோடு அந்தத் தட்டுத்தான்.

தெய்வ நம்பிக்கையே இல்லாதவருக்கு இதில் என்ன இருக்கிறது என்பாரும் உளர். நம்பிக்கை அவரவர் உரிமை. ஆனால் தன்னை ஒத்தவன் முன் கை நீட்டுவதால் அகந்தை குறையும் என்பதை ஒப்புக்கொள்ள நாத்திகம் தடையாகாது.

2020-இல் கொரோனாத் தொற்றின் காரணமாகச் சூரசம்காரம் கடற்கரையில் நடைபெறாமல், பக்தர் கூட்டமின்றிக் கோயில் முன்பே நடந்து முடிந்தது. பூசை குறைவின்றி நடந்தது. ஆனால் ஊர்வலம் இல்லாத தசரா தசராவாகத் தோன்றவில்லை என்று அவ்வட்டாரத்தார் இன்றும் கூறுவர். அவ்வாண்டு கூட்டம் இல்லாமல் விழா வாடிற்று. இனி வரும் ஆண்டுகளில் கூட்டம் பெருகி, தட்டு இல்லாமல் அது வாடிவிடக் கூடாது. 2024 பிப்ரவரி 28 அன்று குலசேகரன்பட்டினத்தில் இராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அவ்வூரின் பெயர் உலகெங்கும் பரவும். படம் பிடிப்போர் கூட்டமும் பெருகும். படத்துக்காக வேடமிடும் ஆசையும் கூடவே பெருகும். இதுவே என் கவலை.

மாணவ நண்பர்களே! தசரா செட்டுகளில் பெரும்பாலோர் நம் வயதினர். அவர்களுள் நம் கல்லூரி மாணவர்களும் உண்டு. அவர்களிடம் மூன்றே வேண்டுகோள்கள். செட்டுக்கு எவ்வளவு நன்கொடை வந்தாலும், ஒவ்வொருவரும் ஒரு தெருவையாவது தட்டேந்தி நடந்து முடியுங்கள். ஒலிபெருக்கிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை, வேடமின்றியே கை நீட்டி அமர்ந்திருப்போர்க்கு ஒரு வேளை உணவாக்குங்கள். சாதி ரிப்பனைக் காவலர் வந்து அவிழ்க்கும்வரை காத்திராமல் நீங்களே அவிழ்த்துவிடுங்கள்.

விழா முடிந்ததும் காப்புக் களையப்படும், சாயமும் கழுவப்படும், வாடகை வேடம் கடைக்குத் திரும்பிவிடும். தட்டேந்தி நடந்த அனுபவம் மட்டுமே நம்மோடு வீட்டுக்கு வரும். அடுத்த நாள் நம் வாசலில் யாரேனும் வந்து நின்றால், அவருக்கு நாம் சொல்லும் முதற் சொல்லில் அது தெரிய வேண்டும்.