மாட்டினால் ஓடும்

“எல்லா சாமானும் இருக்கு, மாட்டினால் ஓடும்.” பழைய கார் விற்பவர்கள் சொல்லும் பொய்களிலேயே நாணயமான பொய் இதுதான். சாமான்கள் உண்மையாகவே இருக்கும். எது எங்கே போகவேண்டும் என்ற விவரம் மட்டும் இருக்காது. அது கழற்றியவர் தலைக்குள் இருந்தது; அவரோடு போய்விட்டது.

இங்கிலாந்தின் கவன்ட்ரியில் என் வீட்டு காரேஜில் இப்போது கிடப்பது அப்படி ஒன்று. டிரையம்ஃப் ஜிடி6, 1969-ஆம் வருஷத்து வண்டி. இரண்டே கதவு, பின்னால் சரிந்து இறங்கும் கூரை, நீண்ட மூக்குக்குள் வரிசையாக ஆறு சிலிண்டர், 1998 சிசி. முழு வண்டியே பன்னிரண்டு அடி சொச்சம்தான். ஆனால் பிரித்துப் போட்டால் ஒரு வீட்டையே அடைக்கும். சேஸி சுவரோரம் சாய்ந்திருக்கிறது, பாடி மரக்கட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கிறது, மிச்சமெல்லாம் பிஸ்கட் டின்களிலும் பெயின்ட் வாளிகளிலும். முந்தைய உரிமையாளர் கடைசி போல்ட்டைக் கழற்றிய சமயத்தில் அவருக்குக் குழந்தை பிறந்ததாம். அந்தக் குழந்தைதான் எனக்குக் காரை விற்றது.

வாளியில் இருந்த போல்ட்டுகளைத் தரையில் கொட்டி உட்கார்ந்தால் ஒரு விஷயம் தெரியும்: பழைய போல்ட் தன் ஊரைச் சொல்லும். தலைக்கடியில் வாஷர் இருந்த இடத்தில் மட்டும் பெயின்ட் படாமல் ஒரு வளையம் இருக்கும். மரையில் எதுவரை துரு, எதுவரை பளபளப்பு என்று பார்த்தால் அது பிடித்திருந்த தகட்டின் கனம் கிடைக்கும். கறுப்புப் பூச்சு ஒட்டியிருந்தால் சேஸி, காரின் நிறம் ஒட்டியிருந்தால் பாடி. ஸ்பேனர் அங்குலக் கணக்கில் வேண்டும். 7/16, 1/2, 9/16 மூன்றும் இருந்தால் பாதி வண்டியைக் கழற்றிவிடலாம். பதின்மூன்று மில்லிமீட்டர் ஸ்பேனர் அரை அங்குல நட்டில் ஏறக்குறையப் பொருந்தும். அந்த ஏறக்குறையதான் நட்டின் மூலைகளைத் தின்றுவிடும்.

எல்லாப் பழைய காரையும் இப்படி வீட்டில் வைத்து மாட்டிவிட முடியாது. இந்த வண்டிக்கு அது வாய்த்ததற்குக் காரணம் 1953-இல் நடந்த ஒரு வியாபாரம். கவன்ட்ரியின் ஸ்டாண்டர்ட்-டிரையம்ஃப் கம்பெனிக்கு பாடி அடித்துக் கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை அந்த ஆண்டு போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. அடுத்த சின்னக் காருக்கு முழு பாடியாக அடித்துத் தர ஆளில்லை. ஊரெல்லாம் சேஸியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரே கூடாகக் கார் செய்யத் தொடங்கிய காலத்தில், இவர்கள் வேறு வழியின்றி தனி சேஸிக்குத் திரும்பினார்கள். பாடியைத் துண்டுதுண்டாக அங்கங்கே அடித்து வாங்கி போல்ட்டில் பூட்டினார்கள். இத்தாலிக்காரர் மிக்கெலொட்டி அதற்கு அழகான உருவம் வரைந்து கொடுத்தார். அந்தக் கார்தான் 1959-இல் வந்த ஹெரால்ட். அதன் சேஸியை மாற்றியமைத்து 1962-இல் ஸ்பிட்ஃபயர். அதற்குக் கூரை போட்டு, ஆறு சிலிண்டர் எஞ்சினை இறக்கி 1966-இல் ஜிடி6. முன்பக்கம் முழுவதும், மட்கார்டு உள்பட, ஒரே மூடியாக முன்னால் கவிழ்ந்து திறக்கும். எஞ்சினைப் பார்க்க முன் டயர்மேல் உட்கார்ந்துகொள்ளலாம். மெக்கானிக்கின் முதுகை நினைத்துச் செய்த கார் என்று நான் இதைத்தான் சொல்வேன்.

துண்டுகளாகப் பெட்டியில் போட்டு அனுப்பத் தோதான வண்டி என்பதால்தான் ஹெரால்ட் சென்னைக்கும் வந்தது. வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் 1961 முதல் அதைச் செய்தது. அம்பாசிடர், ஃபியட், ஹெரால்ட் என்று மூன்றே பேர் சொல்லிக்கொண்டிருந்த காலம். 1968-இல் அதற்கு நான்கு கதவு வைத்தார்கள். கவன்ட்ரிக்காரர்களே அதைச் செய்யவில்லை.

ஹெரால்டின் பெரிய குறை அதன் பின் ஆக்ஸில். குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங், இரண்டு பக்கமும் ஊஞ்சல் மாதிரி ஆடும் அரை ஆக்ஸில்கள். வளைவில் வேகமாகப் போகும்போது சட்டென்று ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் எழும்பும், வெளிச்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். சாதுவான ஹெரால்டில் அது பொறுத்துக்கொள்ளக்கூடிய சங்கதி. ஆறு சிலிண்டர் வேகத்தில் ஆபத்து. பத்திரிகைகள் திட்டித் தீர்த்த பிறகு 1968-இல் ஜிடி6-க்குக் கீழே ஒரு விஷ்போனும் ஆக்ஸில் நடுவே தடித்த ரப்பர் வளையமும் வந்தன. சென்னையிலோ மெக்கானிக்குகளுக்கும் ஓட்டுகிறவர்களுக்கும் அந்த ஆட்டமே பிடிக்கவில்லை. எழுபதுகளில் அதே ஸ்டாண்டர்ட் கம்பெனி செய்த கஸல் காரில் ஊஞ்சலைத் தூக்கிவிட்டு நேரான ஆக்ஸிலையே போட்டுவிட்டார்கள். நம் ரோட்டுக்கு அதுதான் சரி என்பேன். ஆனால் அந்த ரப்பர் வளையத்தை மாட்டிப் பார்த்தவனுக்கு கவன்ட்ரியின் பிடிவாதம்மேல் ஒரு மரியாதை வரும். புதிய வளையம் ஓர் இரும்புப் பட்டையால் நெரித்துக் கட்டப்பட்டு வரும். அப்படியே வைத்து எல்லா போல்ட்டையும் முடுக்கிய பிறகுதான் பட்டையை வெட்டி எடுக்கவேண்டும். அவசரப்பட்டு முதலிலேயே வெட்டினால் ரப்பர் விரிந்துகொள்ளும், ஓட்டைகள் ஒன்றுக்கொன்று சேராது.

முன்சக்கரத்துக்கு வந்தபோது தாம்பரத்து மெக்கானிக் அண்ணனுக்கு போன் போட்டேன். ஹெரால்டும் கஸலும் பார்த்த கை. அடியில் இருக்கும், சக்கரம் திரும்பும் மூட்டான பித்தளை டிரனியனைப் பற்றித்தான் கேட்டேன்.

“தம்பி, அதுக்கு கிரீஸ் அடிக்கச் சொல்லுவான், கேக்காதீங்க. கியர் ஆயில்தான். தொண்ணூறு நம்பர். கிரீஸ் மரைக்குள்ள போகாது, காஞ்சு நிக்கும், ஒருநாள் சக்கரம் மடிஞ்சு படுத்துக்கும்.”

“சரிண்ணே. இங்க புத்தகத்துலயும் அதுதான் போட்டிருக்கு.”

“புத்தகம் வேற இருக்கா? அப்புறம் எதுக்கு போன் பண்ணீங்க? ரெண்டு பக்கமும் மரை வேற வேற, பாத்து மாட்டுங்க.”

உண்மைதான். ஒரு பக்கம் வலம்புரி, மறுபக்கம் இடம்புரி.

இதையெல்லாம்விடப் பெரிய வேலை கதவுக்கடியில் ஓடும் சில். ஹெரால்டுக்கு சேஸியே எல்லா பாரத்தையும் தாங்கும். ஸ்பிட்ஃபயரிலும் ஜிடி6-லும் சில்லுக்கும் அதில் பங்கு உண்டு. என் வண்டியில் அது மேலே பெயின்ட், நடுவே பட்டி, உள்ளே துரு. அப்படியே வெட்டி எடுத்தால் பாடி நடுவில் தொய்ந்து, பிறகு எந்தக் கதவும் சாத்தாது. ஆகவே பாடியை முதலில் சேஸிமேல் ஏற்றி, இடையில் வரவேண்டிய தகடுகளை வைத்து முடுக்கி, கதவை மாட்டி இடைவெளியைச் சுற்றிலும் சரிபார்த்து, கதவைக் கழற்றி, வாசலின் குறுக்கே இரும்புக் குழாயை வெல்டு வைத்த பிறகே பழைய சில்லில் கை வைக்கவேண்டும். அதுவும் ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். புதிய சில் வெல்டு ஆகும்போது ஒரே இடத்தில் தொடர்ந்து சூடு ஏற்றக்கூடாது. இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி. அவசரக்காரனுக்கு இந்த வேலை ஆகாது.

கதவு அட்டையின் பின்புறம் தொழிற்சாலைக்காரர் யாரோ சாக்பீஸில் எழுதிய எண் இன்னும் இருக்கிறது. அதை அழிக்கப் போவதில்லை. தொழிற்சாலையில்கூட இல்லாத பளபளப்பை ஏற்றி, கண்காட்சிக்கு டிரெய்லரில் கொண்டுபோகும் கூட்டம் இங்கே உண்டு. எனக்கு அது ஒட்டவில்லை. இந்த நாட்டில் நாற்பது வயதான காருக்கு ரோடு வரி கிடையாது, வருடாந்தரச் சோதனையும் கட்டாயமில்லை. ஓட்டத்தானே அந்தச் சலுகை! காசுக் கணக்கு பார்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: செய்து முடித்த ஜிடி6-ஐ, பிரித்ததை வாங்கி மாட்டும் செலவைவிடக் குறைவாகவே வாங்கிவிடலாம்.

வாங்கப் போகிறவர் ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். இந்த ஆறு சிலிண்டர் எஞ்சினில் கிராங்கை முன்பின் நகராமல் பிடித்துவைப்பது அரைவட்ட வாஷர் இரண்டு. தேய்ந்தால் அவை நழுவி ஆயில் தொட்டிக்குள் விழும். கிராங்க் நேராக பிளாக்கையே அரைக்கும். ஒருவர் கிளட்சை மிதிக்க, இன்னொருவர் முன்புல்லியைப் பார்க்கவேண்டும். புல்லி கண்ணுக்குத் தெரிய நகர்ந்தால் விலை பேசாமல் கிளம்பிவிடலாம். பிரித்த வண்டியில் அதற்கும் வழியில்லை. கிளட்ச் பெடல் ஒரு டின்னில், புல்லி ஒரு வாளியில். கிராங்கைத் தூக்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்: வாஷர் தேய்ந்திருந்தது, பிளாக் பிழைத்துவிட்டது. புது வாஷர் தபாலில் வந்தாயிற்று. சனிக்கிழமை எஞ்சின் வேலை.