பட்டாசின் ஒலிக்கு ஒற்றை எண் போதாது

சிவகாசி வட்டாரம் உட்பட நாடு முழுவதும் தயாராகும் வெடிகளுக்கு 1999 அக்டோபரில் மத்திய அரசு ஓர் ஒலி வரம்பு வகுத்தது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபல் (ஏஐ) அல்லது 145 டெசிபல் (சி) உச்ச அளவைத் தாண்டும் பட்டாசைத் தயாரிக்கவோ விற்கவோ வெடிக்கவோ கூடாது. இந்த வரம்பு தேவையானதே. ஆனால் வெடியின் ஆற்றல் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு குவிந்திருக்கிறது என்பதை அந்த எண் சொல்வதில்லை. ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் கொண்டு அதையும் அளந்து, ரகம் ரகமாக வெளியிட வேண்டும்.

அந்த வரம்பின் முதல் எண்ணுக்கு அடிப்படையான 'ஏ' அளவுகோல் தாழ்ந்த அதிர்வெண் ஒலிகளைப் பெரிதும் குறைத்துக் கணக்கிடுகிறது; 100 ஹெர்ட்ஸில் சுமார் 19 டெசிபலும், 50 ஹெர்ட்ஸில் சுமார் 30 டெசிபலும் கழிந்துவிடும். வெடிமருந்து கூடக்கூட வெடியின் ஆற்றல் தாழ்ந்த அதிர்வெண்களை நோக்கி நகரும். சுவர் கீச்சொலியை ஓரளவு தடுக்கும். 'அணுகுண்டு' ரகப் பட்டாசின் அடிமுழக்கமோ வீட்டுக்குள் புகுந்து ஜன்னலை அதிர வைக்கும். ஆகவே 'ஏ' அளவில் ஒன்றுபோல் தெரியும் இரண்டு வெடிகள், உள்ளே படுத்திருக்கும் நோயாளிக்கு ஒன்றல்ல. இந்த வேறுபாட்டைக் காட்டும் கருவியைக் கவனமாகக் கையாள வேண்டும். அதிலுள்ள அதிர்வெண் வடிகட்டியின் பட்டை அகலத்தை இரட்டிப்பாக்கினால், தொடர் இரைச்சலின் அளவு 3 டெசிபல் கூடும். ஒற்றை வெடியின் உச்சமோ 6 டெசிபல் வரை கூடும். ஆகவே பட்டை அகலத்தைக் குறிப்பிடாத அளவீட்டை மற்றோர் அளவீட்டோடு ஒப்பிட முடியாது. சில மில்லி நொடிகளில் முடியும் வெடி முழுவதும் பதிவுக்குள் அடங்குவதும் அவசியம்.

காதைக் கெடுப்பது உச்ச அழுத்தம்தானே, அதிர்வெண் வாரியான அளவு எதற்கு என்று கேட்கலாம். உச்ச வரம்பை யாரும் நீக்கச் சொல்லவில்லை. அதோடு இதுவும் சேரட்டும். சிறு ஆலைகளுக்குச் செலவாகும் என்ற கவலை நியாயமானது. அதற்காகத்தான் ஒவ்வொரு பெட்டியையும் அல்லாமல், ஒவ்வொரு ரகத்தையும் பொதுச் சோதனைக்கூடத்தில் அளந்தால் போதும் என்கிறேன். ஒலியை அளப்பதைவிட ரசாயனக் கலவையைக் கொண்டு மதிப்பிடுவதே நடைமுறைக்கு ஏற்றது என்று 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறியது உண்மை. ஆனால் ஒரே மருந்தை இறுக்கிச் சுற்றினால் ஒரு சத்தம், தளர்த்திச் சுற்றினால் வேறு சத்தம். கலவை மட்டும் அதைச் சொல்லாது. மேலும், இதைவிடச் சிறந்த முறை வரும்வரைதான் அந்த ஏற்பாடு என்று நீதிமன்றமே இடம் விட்டிருக்கிறது.

2018 அக்டோபரில் சரவெடிக்கு உச்ச நீதிமன்றம் மொத்தமாகத் தடை விதித்தது. பல ஆயிரம் குடும்பங்களின் பிழைப்பையும் ஊராரின் உறக்கத்தையும் ஒருசேரத் தொடும் முடிவுகள், ரகம் பிரித்துக் காட்டும் சான்றின்மேல் நிற்க வேண்டும். வெடிபொருள் பாதுகாப்புத் துறையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஒவ்வொரு ரகத்தின் சோதனை அறிக்கையிலும் அதிர்வெண் வாரியான அளவைச் சேர்த்து, அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அப்போது குறைந்த தொல்லை தரும் வெடியைச் செய்யும் ஆலைக்கு அதை நிரூபிக்க வழி கிடைக்கும். வாங்குபவருக்கும் தேர்ந்தெடுக்க ஓர் அடிப்படை இருக்கும்.