பலூடாவுக்குப் பால் எதுக்கு?

பெருநாள் அன்று நாலு வீடு ஏறி இறங்கினால் நாலு கிளாஸ் பலூடா. ஒன்றை மறுத்து, "எனக்குப் பால் ஒத்துவராது மாமி" என்று சொல்லிப் பாருங்கள். "ஒரு வாய் குடிங்க மகள், ஒண்டும் செய்யாது" என்பதுதான் பதிலாக வரும். அது அன்புதான். ஆனால் அந்த ஒரு வாய் சிலருக்கு வயிற்றைப் புரட்டும், வேறு சிலருக்கு உயிருக்கே வினையாகும்.

இரண்டையும் நம்ம ஊரில் ஒன்றாகவே பேசுகிறோம். பாலிலுள்ள லக்டோஸ் என்ற சீனியைச் சமிக்கச் செய்யும் நொதியம், உலகத்தில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்குக் குறைந்துதான் போகிறது. அவர்களுக்கு வயிறு ஊதும், வயிற்றால் போகும், அவ்வளவுதான். பால் ஒவ்வாமை அப்படியல்ல. அதில் உடல் பாலின் புரதத்தோடேயே சண்டைக்குப் போகிறது. பால் கலக்கிய அதே கரண்டியைப் போட்டாலே சில பிள்ளைகளுக்கு முகம் வீங்கி மூச்சு முட்டும். "ஒண்டும் செய்யாது" என்று சொல்ல நாம் யார்?

"பால் இல்லாத பலூடாவா? அது இங்கிலிஷ்காரன்ட டயட்" என்று சிரிப்பவர்களுக்கு ஒரு செய்தி. பலூடாவின் தாய் பாரசீகத்துப் பாலூதே. மாவில் செய்த மெல்லிய நூலை உறைந்த சீனிப்பாகிலும் பன்னீரிலும் போட்டு, மேலே எலுமிச்சை பிழிந்து இன்றைக்கும் ஈரானில் சாப்பிடுகிறார்கள். அதில் பால் கிடையாது. இந்தியாவுக்கு வந்த பிறகுதான் பால் சேர்ந்தது. நம்ம வீட்டையே பாருங்களேன்: நோன்புக் கஞ்சிக்குத் தேங்காய்ப்பால், வட்டிலப்பத்துக்கும் தேங்காய்ப்பால். பலூடாவுக்கு மட்டும் நியூசிலாந்திலிருந்து பால்மா வரவேண்டியிருக்கிறது.

அந்தப் பால்மா எங்களை எப்படி ஆட்டிவைத்தது என்பது மறந்துபோச்சா? 2021 ஒக்டோபருக்கு முதல் 400 கிராம் பக்கெற் 380 ரூபா. 2022 மார்ச்சில் அது 790. அடுத்த மாசமே நோன்பு வந்தது.

செய்முறை பெரிய வித்தை இல்லை, ஆனால் ஒரு நுணுக்கம் இருக்கு. தேங்காய்க் கொழுப்பு சுமார் 24 பாகை செல்சியசுக்குக் கீழே கட்டியாகும். முதல் பாலை அப்படியே ஐஸோடு சேர்த்தால் மேலே வெள்ளை வெள்ளையாகத் திரளும். அதனால் இரண்டாம் பாலைக் கூடுதலாகவும் முதல் பாலைக் கொஞ்சமாகவும் எடுங்கள். சவ்வரிசியைக் கண்ணாடி போல் வேகவைத்து, அந்தக் கொழகொழத் தண்ணியையும் கொட்டாமல் கலந்து நல்லா அடியுங்கள். மா கொழுப்பைப் பிரியவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஒரு சிட்டிகை உப்பு, ரோஸ் சிரப், ஊறிய கசகசா. (தமிழ்நாட்டு யூடியூப் பார்த்துச் செய்பவர்கள் கவனம்: அங்கே இதற்குப் பெயர் சப்ஜா. அவர்களுடைய கசகசா வேறு சாமான்.) ஒரு தேங்காயில் ஆறு கிளாஸ் தாராளமாக வரும். பிழிந்த பால் நம்ம வெக்கையில் சீக்கிரம் புளிக்கும் என்பதால் காலையில் கலக்கி அந்திக்குக் கொடுக்கிற வேலை வேண்டாம்.

தேங்காய் மட்டும் மலிவா என்று கேட்பது நியாயம். 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தாண்டியதை எல்லோரும் அனுபவித்தோம். அம்பாறைப் பக்கத்து மாட்டுக்காரரின் பாலை விட்டுவிடச் சொல்லவும் இல்லை. பசும்பால் கிடைக்கிறவர்கள், அது ஒத்துவருகிறவர்கள், அதிலேயே செய்யட்டும். பால் குடிக்க முடியாத ஒருவர் ஊர் முழுக்கப் பச்சைத்தண்ணி குடித்துக்கொண்டு பெருநாள் கொண்டாடுவதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை. கடைகளில் விற்கும் பாதாம் பால் இதற்கு வழியும் அல்ல, அது எங்கட சட்டைப்பைக்கு எட்டாது.

வாற பெருநாளைக்கு வேறாக ஒரு ஜக், வேறாக ஒரு கரண்டி வையுங்கள். கேட்கிறவர்களுக்கு எதில் செய்தது என்று சொல்லிக் கொடுங்கள். 'நொன் டெய்ரி' என்று எழுதிய கிரீமர் பக்கெற்றையும் திருப்பிப் பாருங்கள், பலதில் கேசினேற் என்ற பெயரில் பால் புரதம் ஒளிந்திருக்கும். கடைசியில் பழக்கத்தில் ஒரு உருண்டை ஐஸ்கிரீமை மேலே வைத்துவிடாதீர்கள். கடப்பாசி இருக்குத்தானே, அதை வெட்டிப் போட்டால் போதும்.