சாய்வு நாற்காலித் தண்டனை

இருதயக் குழாயில் அடைப்பை நீக்கிக்கொண்டு ஒருவர் வீடு திரும்பினால் போதும், நம் நாஞ்சில் நாட்டில் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப் பத்து வீட்டார் தயாராகிவிடுகிறார்கள். "அண்ணாச்சி, அனங்கப்படாது!" என்பது தீர்ப்பு. சாய்வு நாற்காலிதான் சிறை. சுசீந்திரம் தெப்பக்குளக் கரையில் காலாற நடந்தவர் இனி நடையைத் தாண்டக் கூடாதாம். தீர்ப்பளித்த கையோடு ஒரு பொட்டலம் நேந்திரங்காய் உப்பேரியும் நீட்டுகிறார்கள்!

இதற்கு அன்பு என்று பெயர். நான் பயம் என்பேன்.

அமெரிக்க ஜனாதிபதி ஐஸனோவருக்கு 1955-இல் மாரடைப்பு வந்தது. மாரடைப்பென்றால் வாரக்கணக்கில் படுக்கை என்றிருந்த காலம் அது. டாக்டர் பால் டட்லி ஒயிட் அவரைப் படிப்படியாக எழுப்பி நடமாட வைத்தார். மறு வருஷமே தேர்தலில் வென்று, 1961 வரை ஐஸனோவர் பதவியில் இருந்தார். பலூனால் இருதயக் குழாயை விரிக்கும் வித்தையோ 1977-இல்தான் சூரிச் நகரில் பிறந்தது!

டாக்டர் பலூனால் விரித்தது ஓரிடத்தை மட்டுமே. நோயின் வேர் அப்படியே இருக்கிறது. அதை அடக்குவது மாத்திரையும் நடையும் அளவான சாப்பாடும்தான். சில நாள் பாரம் தூக்காதிருப்பது நியாயம். மாரடைப்பு வந்தவருக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகலாம். அந்தக் கணக்கு டாக்டருடையது, அடுத்த வீட்டுக்காரருடையதல்ல. மாத்திரையை மட்டும் தாமாக நிறுத்தலாகாது. ஸ்டென்ட்டில் இரத்தம் உறைந்துவிடும் அபாயம் உண்டு.

நலம் விசாரிக்க வருகிறவர்களே! உப்பேரியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தால், அவருடைய செருப்பை எடுத்துக் கொடுத்து, கூடவே நாலு தெரு நடங்கள். அதுதான் விசாரிப்பு.