விண்ணப்பமா? ஸ்தல புராணமா?

சென்ற வாரம் நமது காரியாலயத்துக்கு ஒரு வாலிபத் தோழர் வந்திருந்தார். அவருடைய தாயார் ஒரு நகராட்சியில், கண்டிராக்டர் கையில் கூலி வாங்கும் துப்புரவுத் தொழிலாளி. அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கியவர் இவர் ஒருவரே. இப்போது அமெரிக்காவுக்குப் போய் 'பப்ளிக் பாலிசி' என்கின்ற மேல்படிப்புப் படிக்க விரும்புகிறார். அதாவது, சர்க்கார் போடும் சட்டமும் செய்யும் செலவும் எதனால் பலிக்கின்றன, எதனால் பலிக்காமல் போகின்றன என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் படிப்பு. அதற்கு அங்குள்ள சர்வகலாசாலைகள் மார்க்குப் பட்டியலோடு 'பர்சனல் ஸ்டேட்மெண்ட்' என்று ஒரு கட்டுரையும் கேட்கின்றன. நீ யார், என்ன செய்திருக்கின்றாய், இந்தப் படிப்பு உனக்கு எதற்கு என்பதை உன் சொந்த வார்த்தையில் இரண்டொரு பக்கத்துக்குள் சொல் என்பதுதான் அது. தோழர் அந்தச் சொந்த வார்த்தையை ஒரு தரகரிடம் பணம் கொடுத்து வாங்கிவந்து நம்மிடம் காட்டி அபிப்பிராயம் கேட்டார்.

கல்லூரி வாசல் மிதியாத நம்மிடம் இதைக் கேட்பானேன் என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் நாம் இருபது வருஷமாய் மேடையில் புராணங்களைப் பிரித்துப் போட்டுப் பழகியவர்களாதலால், ஒரு புராணத்தைக் கண்டால் நமக்கு உடனே அடையாளம் தெரிந்துவிடுகின்றது. அவர் கொண்டுவந்தது சுத்தப் புராணம்.

முதல் வரியிலேயே அவர் ஜனசேவைக்கென்று பிறவியெடுத்தவராகி விடுகிறார். அடுத்த வரியில், ஐந்து வயதில் தெருவோரத்தில் ஒரு பிச்சைக்காரரைக் கண்டு உள்ளம் உருகுகிறார். பிறகு கடவுள் கிருபையால் பரீட்சையில் தேறுகிறார். முடிவில், உலகப் புகழ் வாய்ந்த அந்தச் சர்வகலாசாலையின் பாதத்தில் அமர்ந்து ஞானம் பெற ஏங்குகிறார். ஸ்தல புராணத்தில் சாமியின் பெயரையும் குளத்தின் பெயரையும் மாற்றினால் அடுத்த ஊர்க் கோயிலுக்கும் பொருந்துவது போல, இதிலும் பள்ளிக்கூடத்தின் பெயரை மாற்றினால் பத்து இடத்துக்கு அனுப்பலாம்; மாணவர் பெயரை மாற்றினால் நூறு பேருக்கு விற்கலாம். தரகர் விற்றிருக்கவும் கூடும். இப்போது இந்த வேலையைக் கம்ப்யூட்டரே காசில்லாமல் செய்து கொடுக்கின்றதாம். அப்படியானால் தரகருக்குக் கொடுத்தது வெறும் தட்சணைதான்.

தாயாரைப் பற்றி அதில் இருந்தது 'ஏழைத் தாய்' என்ற இரண்டே வார்த்தை. அவர் செய்யும் வேலையை ஏன் எழுதவில்லை என்று கேட்டோம். எழுதினால் கௌரவமாக இராது என்று தரகர் அடித்துவிட்டாராம்! வேறு எதை அடித்தார் என்று துருவித் துருவிக் கேட்டபோதுதான் உண்மைச் சங்கதி வெளிவந்தது. இத்தோழர் கல்லூரியில் படிக்கும்போதே தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அந்நகராட்சிக்கு மனுப்போட்டு, தொழிலாளருக்குக் கையுறையும் பூட்ஸும் வாங்கியதாக எழுதப்பட்ட கணக்கை வாங்கியிருக்கிறார். பிறகு தாயாரோடு வேலை செய்யும் 40 பேரிடமும் போய், உங்கள் கைக்கு வந்தது எத்தனை ஜோடி என்று ஒவ்வொருவராய்க் கேட்டு ஒரு நோட்டில் குறித்திருக்கிறார். இந்த நோட்டைக் காட்டாமல் வேறு எதைக் காட்டுவது?

மலமள்ளும் வேலையை ஒழிக்க நமது நாட்டில் 1993-ல் ஒரு சட்டம் வந்தது. அது போதாதென்று 2013-ல் இன்னொரு சட்டம் வந்தது. சாக்கடைக் குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டுமென்று 2014-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. 2023-ல் அதை 30 லட்சமாக்கியது. இவ்வளவுக்குப் பிறகும் மனிதன் குழியில் இறங்கிச் சாவது நின்றபாடில்லை. செத்த பின் கேட்டால் 'அவன் கண்டிராக்டர் ஆள், எங்கள் ஆள் அல்ல' என்று கைகழுவுகின்றார்கள். சட்டம் இருந்தும் சாவு ஏன் நிற்கவில்லை? கண்டிராக்ட் முறைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கேள்வியைக் கேட்டு விடை தேடுவதுதானே பப்ளிக் பாலிசி! கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டிருப்பவர், அதை மூடிவிட்டுப் பிச்சைக்காரரைக் கண்டு உருகின கதையைப் படிப்பானேன் என்று கேட்கின்றோம்.

நிற்க, இப்படிக் குணமும் வரலாறும் விசாரிக்கும் வழக்கம் அமெரிக்கக் கல்லூரிகளில் புகுந்த விதத்தையும் நமது வாலிபர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1922 வாக்கில் ஹார்வர்டில் யூத மாணவர்கள் நூற்றுக்கு 20-க்கு மேல் வந்துவிட்டார்கள். பரீட்சை வைத்தால் தேறிவிடுகிறார்களே, என்ன செய்வது? அதே வருஷத்து விண்ணப்பத் தாளில் அப்பன் பிறந்த இடம் எது, தாயாரின் கல்யாணத்துக்கு முந்திய குடும்பப் பெயர் என்ன, நீயோ உன் அப்பனோ பெயரை மாற்றிக்கொண்டதுண்டா என்றெல்லாம் கேள்விகள் முளைத்தன. 1926-ல் குணம் பார்க்கின்றோம் என்றும், போட்டோ வேண்டும் என்றும் வந்தது. நம் ஊரில் வீட்டுக்கு வந்தவரிடம் 'எந்தத் தெரு, யார் பிள்ளை?' என்று இனிமையாக விசாரிப்பார்களே, அந்த விசாரணையேதான். குணம் என்பது அளக்க முடியாத சரக்கு. ஆதலால் வேண்டியவனுக்கு இருப்பதாகவும் வேண்டாதவனுக்கு இல்லையென்றும் சொல்லிக்கொள்ளலாம். பிரின்ஸ்டனில் இந்தப் படிப்புக்கென்றே உள்ள பள்ளிக்கு வில்சன் பெயரை வைத்திருந்தார்கள். அந்த வில்சன் ஜனாதிபதியாய் இருக்கும்போதுதான், 1914-ல், சர்க்கார் உத்தியோகத்துக்கு மனுப் போடுவோர் போட்டோ ஒட்ட வேண்டுமென்ற விதி வந்து, கறுப்பரை முகம் பார்த்தே தள்ளிவிட வசதியாயிற்று. அந்தப் பெயரை 2020-ல்தான் எடுத்தார்கள்.

ஆனால் இன்றைய நிலைமை வேறு. 2023-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட், மாணவரைச் சேர்ப்பதில் இனத்தைக் கணக்கில் எடுக்கும் முறையைத் தள்ளிவிட்டது. அதே தீர்ப்பில், இனத்தால் தன் வாழ்க்கையில் நேர்ந்ததை ஒரு மாணவர் கட்டுரையில் எழுதி, அது அவருடைய மன உறுதிக்கோ திறமைக்கோ சாட்சியாய் இருந்தால், அதைப் பார்க்கத் தடையில்லை என்றும் சொல்லிற்று. வெளியே நிறுத்துவதற்கு உதவிய வாசலே உள்ளே போகும் வாசலாகவும் ஆகியிருக்கின்றது. ஜாதி என்றால் அங்கே யாருக்கும் புரியாது என்ற சாக்கும் செல்லாது. பிராண்டீஸ் சர்வகலாசாலை 2019-லும், கலிபோர்னியா ஸ்டேட் சர்வகலாசாலை 2022-லும் ஜாதி பார்த்து ஒதுக்குவதைத் தங்கள் விதியிலேயே குற்றமாக்கின. ஆகவே நடந்ததை மறைக்க வேண்டியதில்லை.

மறைக்காமல் எழுதுவது என்றதும் சிலர் அழுது எழுதப் புறப்படுகின்றார்கள். அது இன்னும் மோசம். பட்டினியையும் குடிசையையும் பக்கம் பக்கமாய் விரித்து, ஐயோ பாவம் என்று இடம் கொடுங்கள் என்பது பிச்சையே தவிர விண்ணப்பமாகாது. கஷ்டத்தைச் சொன்னால் அதன் காரணத்தைச் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொன்னால் அதற்கு நாம் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். செய்த காரியம் எங்கே முட்டி நின்றது என்பதையும் ஒளிக்காமல் சொன்னால்தான், மேலே படிக்க வேண்டிய அவசியம் படிப்பவனுக்கு விளங்கும். இத்தோழர் 40 பேரைக் கேட்டார். 400 நகராட்சிகளைப் பற்றிச் சொல்ல அவருக்குப் புள்ளிவிவர சாஸ்திரம் தெரியாது. அந்தப் பாடத்தில் மார்க்கும் குறைவு. தரகர் அதை மூடி எழுதியிருந்தார். மார்க்குப் பட்டியல் கூடவே போகும்போது மூடி என்ன பிரயோஜனம்? குறைவுதான், அதற்குப் பின் இன்னது படித்திருக்கின்றேன் என்று இரண்டு வரி எழுதட்டும். பொருளாதாரமும் புள்ளிவிவரமும் அந்தப் படிப்பின் முதுகெலும்பு. அது தெரிந்துதான் வருகிறார் என்றாவது ஆகும்.

பள்ளிக்கூடத்தைப் புகழ்ந்த பத்தியை முழுவதும் எடுத்துவிடச் சொன்னோம். தங்கள் புகழ் அவர்களுக்கே தெரியும். அங்கே எந்தப் பாடம் நடக்கின்றது, அதில் எது இந்தக் கையுறைக் கணக்குக்கு உதவும் என்று பார்த்து எழுத ஒரு முழு நாள் வேண்டும்.

தோழர் அன்று சாயந்திரமே நமது காரியாலயத் திண்ணையில் உட்கார்ந்து, தரகர் கொடுத்த தாளின் பின்பக்கத்திலேயே எழுத ஆரம்பித்தார். 'என் தாயாருக்கு நகராட்சி ஒரு வருஷத்தில் கொடுத்ததாக எழுதியிருப்பது 12 ஜோடி கையுறை. அவர் கைக்கு வந்தது ஒன்று' என்பது முதல் வரி. தரகருக்குக் கொடுத்த பணம் திரும்ப வருமா என்று போகும்போது கேட்டார். வராது என்று சொல்லி அனுப்பினோம்.